பட்டர்கப்பில் பதினொரு செக்கன்

தன்னையும் சேர்த்து நாலாவதா, தனக்கு முன்னால் இன்னும் நாலு பேரா என்று, நாலு என்று மட்டும் சொல்லி இணைப்புக் கொடுத்த பெண்ணிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டது மடைத்தனம், இந்த ஒரு கேள்வியைக் கேட்கவே நா எழும்பவில்லை என்றால் பிறகு ஊருலகமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க என்னத்தைக் கதைக்கப்போகிறாய் என்று கமலலோசினி தன்னைத்தானே ஏசிக்கொண்டு ரெலிபோனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். காதுக்குள் பியானோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரே துண்டு, போய் முடிகிற இடத்தில் முடியாமல் திரும்பவும் தொடங்கும், நடுவில் ஒரு ஆண்குரல் வந்து உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொல்லிவிட்டுப் போகும். சொல்லட்டும், பாவம், அவனுக்கும் இன்றைக்குத்தானே கடைசி நாள். நேரம் மூன்று பன்னிரண்டு. நாலு மணிக்குப் பட்டர்கப்பை மூடுகிறார்கள். ஆங்கிலத்தில் சாமான் விற்கிற தொலைக்காட்சி ஒன்று மூடப்படுவதற்காக கொவென்ட்ரியில் ஒரு தமிழ்ப் பெண், ஐம்பத்தெட்டு வயதில், வெள்ளைச் சேலை கட்டாத குறையாக இரண்டு நாளாய்த் திரிகிறாள் என்று யாராவது கேள்விப்பட்டால் சிரிப்பார்கள்தான். சிரிக்கட்டும். எதிரே தொலைக்காட்சியில், பட்டர்கப்பில் சாமான் விற்கிற ஜூடித் ஒரு மஞ்சள் மேசைவிரிப்புக்குப் பின்னால் நின்று சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தாள், சத்தம் வைத்தால் ரெலிபோனுக்குள் கீச்சிடும் என்று இணைப்புக் கொடுத்த பெண் முதலே சொல்லியிருந்தாள். கடைசி நாள் என்றபடியால் இன்றைக்கு விற்பனை இல்லை, பழைய வாடிக்கையாளர்கள் எடுத்து ஜூடித்தோடு இரண்டு வார்த்தை கதைக்கலாம், அவ்வளவுதான். லோசினிக்குச் சொல்ல வேண்டியதும் இரண்டு வார்த்தைதான். அது நாலு மணிக்கு முந்திச் சொல்லப்பட வேண்டும், ஆங்கிலத்தில் சொல்லப்பட வேண்டும், நடுவில் நின்றுவிடாமல் சொல்லப்பட வேண்டும். முந்தி ஒரு தடவை நின்றுவிட்டது. அதை இப்போது நினைக்கக் கூடாது.

ஜூடித் இடது உள்ளங்கையை மலர்த்தி எதையோ காட்டினாள், கையில் ஒன்றும் இல்லை, பழக்கதோஷம். அந்தக் கையைப் பார்த்துத்தானே லோசினி ஆங்கிலம் படித்தாள். தொண்ணூற்றேழாம் ஆண்டு மார்கழியில் மகள் ஆரணியையும் கூட்டிக்கொண்டு இந்த நாட்டில் வந்து இறங்கியபோது அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் யேஸ், நோ, தாங்க்யூ, மற்றது பரீட்சைக்குப் பாடமாக்கிய பசுவைப் பற்றிய கட்டுரை. புருசன் இராசநாயகம் பெற்றோல் ஸ்ரேசனுக்கு வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார், பிள்ளை பள்ளிக்கூடம், வீட்டுக்குள் அவளும் தொலைக்காட்சியும் வெளியே ஒரு மழையும். செய்திக்காரர் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு கதைக்கிற மாதிரி இருந்தது, நாடகங்களில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் கோபித்துக்கொண்டு பல்லுக்குள் முணுமுணுத்தார்கள். பிறகுதான் ஒரு நாள் ஜூடித் கிடைத்தாள். ஒரு மேசை, ஒரு விரிப்பு, பொன்னிறத் தலைமயிர், கையில் ஒரு மரக்கறி வெட்டி. அதைத் தூக்கிக் காட்டி அதன் பெயரைச் சொன்னாள். பிறகு மறுபக்கம் திருப்பிக் காட்டித் திரும்பவும் சொன்னாள். இது வெங்காயம், இது வெங்காயத்தை வெட்டுகிறது, பார்த்தீர்களா எவ்வளவு இலகுவாக வெட்டுகிறது என்று இருபது நிமிடம் அந்த ஒன்றையே சொன்னாள், உலகத்தில் எந்த ரீச்சருக்கு அவ்வளவு பொறுமை இருக்கிறது? ஆறு மாதத்தில் லோசினிக்கு, வயிறு நோகிறது என்று சொல்லத் தெரியுமுன்னம், பழுப்புக்குப் பதினான்கு பெயர் தெரிந்திருந்தது. அதனால் வந்த கூத்துகளும் கொஞ்சநஞ்சமல்ல. முழங்கால் நோவுக்கு டொக்டரிடம் போய், இது மிகவும் உறுதியானது, நீண்டகாலம் உழைக்கும், படி ஏறும்போது இதன் முழுச் சக்தியையும் உணரலாம் என்று சொன்னபோது அந்த மனிதர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு. ஆரணி வகுப்பில் அமைதியாக இருப்பதில்லை என்று ரீச்சர் முறைப்பாடு வைத்தபோது, ஒவ்வொன்றும் தனித்தன்மை வாய்ந்தது, சிறு வேறுபாடுகள் குறையல்ல என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தது. அது தோல் கைப்பைக்குச் சொல்கிற வசனம், ஆனால் அந்த ரீச்சர் அதை ஒரு பெரிய ஞானவாக்காக எடுத்துக்கொண்டு வருட முடிவில் பிள்ளையின் அறிக்கையிலேயே எழுதிவிட்டாள். வேலை கிடைத்ததும் ஜூடித்தால்தான். பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் பரிமாற ஆள் எடுத்தார்கள், முதல் நாளே புரொக்கோலித் தட்டம் அப்படியே கிடந்து ஆறியது, லோசினி ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து, இன்றைக்குக் கடைசி ஆறு, ஆறு மட்டும்தான், போனால் வராது என்றாள். பிள்ளைகள் வரிசையில் வந்து நின்றார்கள். பத்தொன்பது வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் புரொக்கோலி மிஞ்சியதில்லை. இதையெல்லாம் ஜூடித்துக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு ஒரு கண்ணாடிக் கண்ணைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே இருந்தாள், மறுபக்கத்தில் ஒருத்தி மனிசியாகிக்கொண்டு வந்தது அவளுக்குத் தெரியாது, நாலு மணியோடு தெரியாமலே போய்விடும்.

"இஞ்சாரும், இன்னும் பியானோவோ?" என்று இராசநாயகம் குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். பெற்றோல் ஸ்ரேசனில் இருந்து ஓய்வு எடுத்த நாள் தொடக்கம் மனிதர் வீட்டில் எல்லாவற்றையும் மேற்பார்வை செய்கிறார். "ஓமப்பா, பியானோதான்." "ஓசியில உமக்கு ஒருத்தன் கச்சேரி வைக்கிறான், ஆனா இருக்க விடாமல் நிற்கவைச்சு." "பகிடி விடாமல் அந்தப் பருப்பைப் பாருங்கோ, அடிப்பிடிக்கப்போகுது." "பருப்பு என்ர பொறுப்பு, ஜூடித் உம்மட பொறுப்பு" என்றார், அந்த நேரம் பார்த்து அவருடைய மொபைல் அடித்தது, திரையைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கில் அது பரமேஸ் மச்சாள் என்று லோசினிக்கு விளங்கிவிட்டது. அவருடைய தமக்கை, ஹரோவில் இருக்கிறா, குரல் மொபைலைத் தாண்டிச் சுவரிலும் கேட்கும். "என்ன தம்பி, லோசி வந்திட்டாளோ? நான் கண் வெட்டாமப் பாத்துக்கொண்டிருக்கிறன். இந்தமுறையாவது வாயைத் திறக்கச் சொல்லு!" இந்தமுறையாவது. பதினாறு வருடமாக மனிசிக்கு அலுக்கவில்லை. நினைக்கக் கூடாது என்று ஒதுக்கி வைத்ததை மச்சாள் வந்து நடு ஹோலில் போட்டுவிட்டுப் போனா. இரண்டாயிரத்து மூன்றில் லோசினி பட்டர்கப்பில் ஒரு பிஸ்கட் பிழியும் துவக்கு வாங்கினாள், துப்பாக்கி மாதிரிப் பிடித்து விசையை அமத்தினால் மா பூப்பூவாக வந்து விழும், பன்னிரண்டு அச்சு, அதில் ஒன்றில் பொடி ஓட்டைகள். அந்த ஓட்டைகளைக் கண்டவுடன் அவளுக்குப் பிஸ்கட் மறந்துபோய்விட்டது. அரிசிமாவைக் குழைத்துப் போட்டு அமத்தினாள், இடியப்பம் இழை இழையாக வந்தது, மணிக்கட்டு நோகவில்லை, உரலைப் போட்டு முறுக்கவேண்டிய தேவையில்லை. அந்தச் சந்தோசப் புளுகத்தில் ஜூடித்துக்குச் சொல்லவேண்டும் என்று எடுத்தாள், எடுத்தவளைப் பத்து நிமிடத்தில் நேரடி ஒளிபரப்பில் போட்டுவிட்டார்கள். ஜூடித் கேட்டாள், சொல்லுங்கள் கண்ணே, இதில் என்ன பிஸ்கட் செய்கிறீர்கள்? இடியப்பத்துக்கு ஆங்கிலத்தில் என்ன? அந்தக் கணத்தில்தான் லோசினிக்கு ஒரு பெரிய உண்மை விளங்கியது, பட்டர்கப்பில் விற்காத எதற்கும் தன்னிடம் சொல் இல்லை. நூல் என்பதா, வலை என்பதா, அவித்த தலைமயிர் என்பதா? ஹலோ என்றாள். அதோடு நின்றது. பதினொரு செக்கன். பரமேஸ் மச்சாள் அதை வீடியோக் கசற்றில் பதிந்து வைத்திருந்ததால் பிறகு மணிக்கூடு வைத்து எண்ண முடிந்தது. ஆரணி பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு வந்த சனம் முழுக்க அந்தக் கசற்றைப் பார்த்தது, சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை.

ஆனால் அந்தப் பதினொரு செக்கனில் ஜூடித் செய்ததை மச்சாள் சொல்வதில்லை, அதை லோசினி மட்டும்தான் வைத்திருக்கிறாள். இந்தத் தொழிலில் மூன்று செக்கன் சத்தமில்லாமல் போனால் பார்க்கிறவன் வேறு சேனலுக்குத் தாவிவிடுவான், ஆகவே நான் நித்திரையிலும் கதைப்பேன் என்று ஜூடித் எத்தனையோ தரம் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு லோசினிக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். இடையில் வெட்டவில்லை, இணைப்பில் கோளாறு என்று பொய் சொல்லவில்லை. கடைசியில் கமராவைப் பார்த்து, பாருங்கள், இவருக்குச் சந்தோசம் மிகுந்துவிட்டது, வார்த்தை வரவில்லை என்றாள். அவ்வளவுதான், கையிருப்பில் இருந்த துவக்கு முழுக்க அந்த மணித்தியாலத்திலேயே விற்றுத் தீர்ந்தது. அதுதான் பட்டர்கப்பின் நல்ல காலம். ஒரு மேசையில் தொடங்கியவர்களுக்கு மூன்று குசினி, ஒரு சுழலும் மேடை, நகைக்கு ஒரு நீல அறை, ஆடி மாதத்தில் பனி கொட்டும் கிறிஸ்மஸ் மரம், திரையின் ஓரத்தில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று இலக்கம் தடதடவென்று ஓடும். ஜூடித்தின் தலைமயிர் அந்த நாட்களில் சிவப்பு. புதிதாகப் பத்துப் பேர் விற்க வந்தார்கள், எல்லோருக்கும் பல்லு வெள்ளை, ஒருவரும் வெங்காயத்தை வெங்காயம் என்று இருதரம் சொல்லவில்லை. பிறகு சனம் பெருவிரலால் வாங்கப் பழகிவிட்டது. பஸ்ஸில் இருந்துகொண்டு, கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒருவரோடும் ஒரு வார்த்தை கதைக்காமல் வாங்கிவிடலாம் என்றால் இருபது நிமிடம் ஒரு மரக்கறி வெட்டியைப் பார்க்க யார் இருக்கப்போகிறார்கள்? முதலில் சுழலும் மேடை நின்றது, பிறகு சுழலாமலே கொஞ்ச நாள் கிடந்தது. நீல அறை போனது. பல்லு வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். இலக்கம் ஓடாமல் நடந்தது, ஒரு நாள் ஏழிலேயே குந்திக்கொண்டு அரை மணித்தியாலம் அசையவில்லை, ஜூடித் அந்த ஏழு பேருக்கும் பெயர் பெயராக நன்றி சொன்னாள். இப்போது திரும்பவும் ஒரு மேசை, ஒரு விரிப்பு, ஒரு ஜூடித், மயிர் நரைத்து வெள்ளி, அதுவும் அவளுக்கு வடிவாகத்தான் இருக்கிறது. இதில் லோசினியின் பங்கும் இருக்கிறது, அதுதான் இரண்டு நாளாய் அவளைக் குத்துகிறது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் வாங்கியது நாலே நாலு சாமான். துவக்கு, ஒரு ஏணி, ஒரு விளக்குமாறு, இராசநாயகத்தின் காலைப் பிடித்துவிடுகிற ஒரு யந்திரம். மிச்ச நேரமெல்லாம் ஓசியில் பார்த்தாள். கடைக்குள் போய்க் காலை தொடக்கம் மாலை வரை சேலை விரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் வருகிறவளைக் கடைக்காரன் எத்தனை நாளைக்குத் தாங்குவான்? எல்லோரும் லோசினியாக இருந்தால் பட்டர்கப் எப்படி உருப்படும்? நான்தானோ மூடினேன் என்று ஒரு நினைப்பு ஓடியது, ஓடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பவும் வந்து அவளுக்கு முன்னாலேயே நின்றது.

பீப். பியானோவுக்குள் அது என்ன புதுச் சுரம் என்று ஒரு கணம் விளங்கவில்லை. பீப். கையிலிருந்த ரெலிபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தால் பற்றரிப் படத்தில் ஒரு கோடுதான் மிச்சம், அதுவும் விட்டு விட்டு மின்னியது. வயரில்லாத ரெலிபோன், இரவெல்லாம் தாங்கியில் வைக்காமல் குசினி மேடையில் வைத்தது யார்? "நானில்லை" என்றார் இராசநாயகம், ஒருவரும் கேட்கமுன்னமே. அப்படியென்றால் அவர்தான். ஏச நேரமில்லை, மூன்று முப்பத்தெட்டு. மேலே படுக்கையறையில் வயர் வைத்த பழைய ரெலிபோன் இருக்கிறது, அதற்குப் பற்றரி தேவையில்லை, இதை வைக்காமல் அதைத் தூக்கினால் இணைப்பு அறாது. ஆனால் மேலே தொலைக்காட்சி இல்லை. மேலே போனால் ஜூடித்தின் முகம் தெரியாது, கை தெரியாது, கண்ணைக் கட்டிவிட்டுக் கதைக்கச் சொன்ன மாதிரி. பீப். அவள் படியைப் பார்த்தாள், படியை விடச் சேனல் பெரிது என்று முழங்காலுக்குச் சொன்னாள், ஏறினாள். அந்த உறுதியான, நீண்டகாலம் உழைக்கும் முழங்கால் ஒவ்வொரு படியிலும் தன் முழுச் சக்தியையும் காட்டியது. பாதியில் நிற்கும்போதே மூன்றாவது ஆள் முடிந்துவிட்டாரா, பியானோ நின்றதா, நின்றது மூச்சு வாங்கிய சத்தத்தில் தனக்குக் கேட்காமல் போய்விட்டதா என்று ஒரு பயம் வந்து காலைப் பிடித்தது. மேலே போய்ப் பழையதைத் தூக்கிக் காதில் வைத்தாள், அங்கேயும் அதே பியானோ, என்ன ஒரு ஆறுதல், இந்தப் பியானோவைக் கேட்டுத் தனக்கு இப்படிச் சந்தோசம் வருமென்று காலையில் யாரும் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள். கட்டிலில் இருந்தாள். அப்போதுதான் கையைப் பார்த்தாள். கடதாசி இல்லை.

நாலு வசனம். நேற்று ஆரணி லண்டனிலிருந்து ரெலிபோனில் திருத்தித் தந்தது, ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ரிமோட்டை வைத்து அமத்திவிட்டு வந்திருக்கிறாள். "அம்மா, இப்படிச் சொன்னால்தான் மரியாதை" என்று ஆரணி போட்டுக்கொடுத்த சொற்கள், தங்கள் அளப்பரிய சேவைக்கு என்று ஏதோ, வழக்கறிஞர் கந்தோரில் வேலை செய்கிற பிள்ளை, கடிதம் மாதிரித்தான் கதைக்கும். காலையிலிருந்து பாடமாக்கியும் அந்தச் சொற்கள் வாயில் ஒட்டவில்லை, ஒட்டாததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும், ஜூடித் ஒரு நாளும் அந்தச் சொற்களை விற்றதில்லை. "இஞ்சாருங்கோ! அந்தக் கடதாசியைக் கொண்டு வாங்கோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டு கத்தினாள். "என்ன?" "கடதாசி!" "பருப்போ? இறக்கிட்டன்!" பரமேஸ் மச்சாளுக்கு மட்டுமல்ல, அந்தக் குடும்பத்துக்கே தங்கள் குரல் மட்டும்தான் கேட்கும். திரும்பக் கத்த மூச்செடுத்தபோது பியானோ நின்றது. முடிகிற இடத்துக்கு வராமலே, நடுவில், பட்டென்று நின்றது. இணைப்புக் கொடுத்த பெண் வந்தாள். "நீங்கள்தான் அடுத்து, அன்பே. கடைசி ஆளும் நீங்கள்தான். உங்கள் பெயரை எப்படி உச்சரிப்பது?" நேரம் மூன்று ஐம்பத்திரண்டு. "லோ, சி, னி" என்றாள், இலகுவாக, மூன்று துண்டாக, வெங்காயம் வெட்டிக் காட்டுகிற மாதிரி.

பிறகு ஜூடித்தின் குரல் காதுக்குள் வந்தது. இருபத்திரண்டு வருடம் அறையின் அந்த மூலையிலிருந்து வந்த குரல் இப்போது கன்னத்தோடு வந்தது. "கொவென்ட்ரியிலிருந்து லோசினி! இங்கே எங்கள் பதிவில் உங்களைப் பார்க்கிறேன், இரண்டாயிரத்து மூன்று, பிஸ்கட் துவக்கு. சொல்லுங்கள் கண்ணே, அதில் என்ன பிஸ்கட் செய்தீர்கள்?" அட கடவுளே, அதே கேள்வி. ஊரில் வேறு கேள்வியே இல்லையா? ஹலோ என்றாள் லோசினி. ஒன்று. ஹரோவில் மச்சாள் கசற்று இல்லாவிட்டாலும் மொபைலில் பதிந்துகொண்டிருப்பா. இரண்டு. எதிரே அலுமாரிக் கண்ணாடியில் ஒருத்தி தெரிந்தாள், ஒரு கையில் ரெலிபோன், மற்றக் கை நெஞ்சுக்கு நேரே வந்து தானாகவே உள்ளங்கையை மலர்த்தி வைத்திருந்தது, ஏதோ ஒரு சாமானைத் தாங்குகிற மாதிரி. யாருடைய கை அது? மூன்றாவது செக்கன் வருமுன்னம் வாய் திறந்தது. "பிஸ்கட் இல்லை. இடியப்பம்" என்றாள், அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில், விளக்கம் இல்லாமல். "அதைப் பிறகு சொல்கிறேன், நேரம் குறைவு. பார்வையாளர்களே, இன்றைக்கு நான் உங்களுக்குக் காட்டப்போவது ஒரு ஜூடித்." அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது, லோசினி நிற்கவில்லை. "அசல். இருபத்திரண்டு வருடம் ஒவ்வொரு நாளும் பாவித்தது, ஒரு கீறல் இல்லை. மூன்று நிறத்தில் வந்தது, மூன்றும் பொருத்தம். பற்றரி வேண்டாம், தானாகவே கதைக்கும். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது என்னிடம் ஆங்கிலம் இல்லை, ஒரு தோழியும் இல்லை. இதை என் வீட்டு மூலையில் வைத்தேன். ஒரு வருடத்தில் இரண்டும் கிடைத்தன. தனியாக இருக்கிறவர்களின் வீட்டுக்கு மிகவும் ஏற்றது. வெங்காயத்தை இருபது தரம் சொல்லும், கோபிக்காது. நான் உங்களிடம் நாலு சாமான்தான் வாங்கினேன் ஜூடித், மன்னிக்க வேண்டும், மற்றதெல்லாம் சும்மா எடுத்துக்கொண்டேன். பிடிக்காவிட்டால் முப்பது நாளில் திருப்பித் தரலாம் என்று எப்போதும் சொல்வீர்கள். நான் திருப்பித் தரமாட்டேன். பார்வையாளர்களே, ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள். இனிக் கையிருப்பில் இல்லை." சொல்லி முடித்துவிட்டாள். ஒரு வசனம்கூட ஆரணியுடையது இல்லை.

ரெலிபோனில் ஒன்றும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று தாண்டிவிட்டதே, ஜூடித் ஒரு நாளும் மூன்றைத் தாண்டமாட்டாளே, நாலு, இணைப்பு அறுந்துவிட்டதா, நான் சொன்னது எங்கே அறுந்தது, இடியப்பத்திலா, ஒரு ஜூடித் என்று சொன்னது மரியாதைக் குறைவா, ஐந்து, ஆறு, அப்போது கீழேயிருந்து இராசநாயகம் கத்தினார். "இஞ்சாரும்! அவ அழுறா! சிரிச்சுக்கொண்டு அழுறா! மேசைவிரிப்பால கண்ணைத் துடைக்கிறா!" ஏழு. தொலைக்காட்சிக்கு எல்லாம் நாலு செக்கன் பிந்தித்தான் போய்ச் சேரும், ஆகவே அவள் முதல் செக்கனிலிருந்தே அழுதிருக்கிறாள். எட்டு. அந்தப் பெரிய கட்டடத்தில் இப்போது அவளுக்காக இடம் நிரப்ப ஒருவரும் இல்லை, பல்லு வெள்ளைக்காரர் ஒருவரும் மிச்சமில்லை. ஒன்பது. வெட்டக்கூடாது. பொய் சொல்லக்கூடாது. காத்து நிற்கவேண்டும், அதுதான் முறை. பத்து. லோசினி கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து இருந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். பதினொன்று. "பாருங்கள்" என்றாள், குரல் ஒரு பிசிறும் இல்லாமல் வந்தது, "இவருக்குச் சந்தோசம் மிகுந்துவிட்டது, வார்த்தை வரவில்லை." நாலு செக்கன் கழித்து, இராசநாயகம் முழுதாகக் கூட்டிவைத்த சத்தத்தில், அவளுடைய குரலே கீழேயிருந்து படியேறி வந்து அதை இன்னொருமுறை சொன்னது.